வாத்தியாருக்கு மட்டும் சொல்லக் கூடாது

பிரேக் வாத்தியாருக்குப் பித்தப்பையில் கல் இருப்பது முதன்முதலில் அவருடைய மாணவர்களுக்குத்தான் தெரியவந்தது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். கற்றுக்கொள்பவர் காலடியில் இருப்பதுபோலவே வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் எதன்மீதாவது ஏற்றப்போகிற நேரத்தில் அதை ஓங்கி மிதிப்பார். ஊரில் பாதிப் பேர் இன்னும் உயிரோடு நடமாடுவதே அந்த மிதியால்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்பேர்ப்பட்டவர், யாரையும் இடிக்கும் உத்தேசமே இல்லாமல் காலிச் சாலையில் நேராகப் போய்க்கொண்டிருந்த கார்களைச் சடக்சடக்கென்று நிறுத்த ஆரம்பித்தார். வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று குத்தும். கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும்.

"சார், நான் என்ன சார் தப்பு பண்ணேன்?" என்று பாங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் அழுதேவிட்டார்.

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. உள்ள என்னமோ பண்ணுது," என்றார் வாத்தியார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அந்த அம்மாளே அவரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். வாசல் தூணை லேசாக முட்டித்தான் நிறுத்தினார். வாத்தியார் அன்றைக்கு மட்டும் யாரையும் திட்டவில்லை.

ஸ்கேன் பார்த்த சர்ஜன் ஒரு சுறுசுறுப்பான பெண்மணி. "கல்லு உருண்டு குழாயை அடைச்சுக்கிட்டா வம்பு. சீக்கிரம் எடுத்துடணும். மயக்கம் கொடுத்துத்தான் செய்வோம். உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காம போயிருக்கா?"

"எங்க தாய்மாமா ஒருத்தர் இருந்தாருங்க. ஏதோ சின்ன ஆபரேஷன்னு சிரிச்சுக்கிட்டே உள்ள போனார். மயக்கம் கொடுத்ததும் உடம்பு நெருப்பா கொதிச்சுதாம். அப்படியே போயிட்டார்."

சர்ஜன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "சில குடும்பங்கள்ல இது உண்டு. ஜீன்ல ஒரு சின்னக் கோளாறு. மத்தபடி ஒரு தொந்தரவும் பண்ணாது. சில மயக்க மருந்து பட்டா மட்டும் உடம்பு கொதிக்கும், உயிருக்கே ஆபத்து. ரத்தத்துல பார்த்துடலாம். இருக்குன்னு தெரிஞ்சா வேற மருந்து கொடுப்போம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் நம்பக் கூடாது என்பது வாத்தியாருக்குத் தெரியாது. கையை நீட்டினார்.

ரிசல்ட் வந்த அன்று மகளையும் கூட்டிக்கொண்டு போனார். மகள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். ஊராரின் மூக்குக்கு ஏற்ற ஃபிரேமைத் தேடித் தேடி, எதையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசும் பழக்கம் வந்துவிட்டவள்.

"வந்துடுச்சா டாக்டர்?"

"வந்துடுச்சு."

"பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன்."

"என்னவாம்?"

"சொல்லக் கூடாது," என்றார் சர்ஜன், மேஜையைப் பார்த்துக்கொண்டு. "இந்த மாசத்துலேர்ந்து புது விதி. ஜீன் சம்பந்தப்பட்ட ரிசல்ட் எதுவா இருந்தாலும் மரபுத் தகவல் அறநெறிப் பிரிவு அனுமதி கொடுத்தாத்தான் சொல்லலாம்."

"சரி, சொல்ல வேண்டாம். அந்த வேற மருந்தையே கொடுத்துடுங்களேன். இருந்தாலும் இல்லாட்டியும் எனக்கு நல்லதுதானே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். வேற மருந்து கொடுத்தா, உங்களுக்கு இருக்குன்னு நீங்க ஊகிச்சுடுவீங்களாம். ஊகிக்க விடறதும் விதிமீறல்."

"அப்போ சாதாரண மருந்து?"

"அதைக் கொடுத்தா, இல்லைன்னு ஊகிச்சுடுவீங்க."

"அப்போ என்னதான் கொடுப்பீங்க?"

"வலி மாத்திரை கொடுத்திருக்கேன்," என்றார் சர்ஜன் பாவமாக. "முதல்ல மேல போய் அந்தப் பிரிவு அதிகாரியைப் பாருங்க."

அறநெறிப் பிரிவு மேல் மாடியில் இருந்தது. கதவில் "தகவல் கோரி வருவோர் கவனத்திற்கு: இங்கு தகவல் தரப்படமாட்டாது" என்று பளிச்சென்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த அதிகாரி, அதற்கு முன் அதே ஆஸ்பத்திரியின் வாகன நிறுத்துமிடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். ஒருவர் வண்டியை இன்னொருவர் எடுத்துவிடாமலும், சில சமயம் சொந்தக்காரரே எடுத்துவிடாமலும் அவர் கண்டிப்புடன் பார்த்துக்கொண்டது மேலிடத்தின் கவனத்தைக் கவர்ந்திருந்தது. பிறகு ஒரு பெரிய ஓட்டலில் நடந்த அறநெறிப் பயிற்சி முகாமில், உணவு இடைவேளைகள் உட்பட, முழுமையாகப் பங்குபெற்றுத் தேறினார். மனித குலத்தின் மரபணுக்கள் அத்துடன் அவர் பொறுப்பில் விடப்பட்டன.

"உட்காரச் சொல்வதற்கில்லை. உட்கார்ந்தால் சாதகமான பதில் கிடைக்கும் என்ற எண்ணம் தோன்றலாம்," என்று ஆரம்பித்தார் அதிகாரி. "சோதிக்கப்பட்ட மரபணு யாருடையது?"

"என்னோடதுதான் சார்."

"எப்படி வந்தது?"

"எங்கம்மா வழியா வந்திருக்கணும்."

"ஆக, பூர்வீகம். சுயமாகச் சம்பாதித்தது இல்லை."

வாத்தியார் தன் வாழ்நாளில் சுயமாக ஒரு ஜீன் சம்பாதிக்காதது குறித்து முதன்முறையாக வெட்கப்பட்டார்.

"உங்கள் தாயாருக்கு வேறு வாரிசுகள் உண்டா?"

"ஒரு அக்கா. ஒரு தம்பி."

"அவர்களுக்கும் இதில் பாத்தியதை உண்டு. உங்களுக்கு இருக்கிறது என்று நான் சொன்னால், அவர்களுக்கும் இருக்கலாம் என்று சொன்னதாகிறது. அறியாமல் இருக்கும் உரிமை என்று ஒன்று இருக்கிறது. அது புனிதமானது. அதை நான் மிதிக்க முடியுமா?"

மகள் முன்னால் வந்தாள். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சுக்கற உரிமை இல்லையா சார்?"

"தாராளமாக இருக்கிறது. அதுவும் புனிதமானதுதான். இரண்டும் எதிரெதிரே வந்து நிற்கின்றன. ஒன்றை விட்டால் மற்றதற்கு அநீதி. ஆகவே இரண்டையும் நிறுத்திவைப்பதுதான் நடுநிலை."

"அது எங்கப்பா உடம்பு சார்! வலியில துடிக்கறார். தப்பான மருந்தைக் கொடுத்தா செத்தே போயிடுவார்!"

"உணர்ச்சிவசப்பட வேண்டாம். இறந்துபோன அந்தத் தாய்மாமாவைப் பற்றிச் சர்ஜனிடம் சொன்னீர்களாமே, அவரிடம் அனுமதி பெற்றீர்களா?"

"அவர் செத்துட்டாருங்க," என்றார் வாத்தியார்.

"அதற்கு முன்பே பெற்றிருக்க வேண்டும். போகட்டும், இந்த முறை மன்னிக்கிறேன்." அதிகாரி பெருந்தன்மையோடு கையை அசைத்தார். "ரத்த உறவினர் அனைவரும் நேரில் வந்து, இதை அறிய விரும்புகிறோம் என்று ஒருமனதாகச் சொன்னால் தடையில்லை. ஆனால் எதற்காக வருகிறார்கள் என்பதை அவர்களிடம் நீங்கள் சொல்லக் கூடாது. சொன்னால் அவர்கள் அறிந்துகொண்டுவிடுவார்கள்."

வாத்தியார் முதலில் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு நடை வந்துட்டுப் போகணும்."

"எதுக்குடா?"

"அதைச் சொல்லக் கூடாது."

"உனக்கு ஏதாவதா?"

"அதையும் சொல்லக் கூடாது."

"எனக்கு ஏதாவதா?"

வாத்தியார் வாயை இறுக மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் அக்கா ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, எனக்கு என்னமோ வந்துடுச்சு! ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, என்கிட்ட மட்டும் மறைக்கறீங்க!" அன்று மாலைக்குள் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, காதில் ரீங்காரம் கேட்டது, முழங்கால் மடங்க மறுத்தது. பெட்டியில் இருந்த நல்ல புடவைகளை யார் யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே ராத்திரி சாப்பாட்டைக்கூட முடித்தாள்.

தம்பி வேறு மாதிரி. அப்பா வீட்டைப் பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணனோடு பேச்சு வார்த்தை கிடையாது. எதிரில் பார்த்தால் செருப்பைக் குனிந்து சரிசெய்வான். வாத்தியார் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு அவன் கடை வாசலில் போய் நின்றார்.

"நமக்குள்ள பொதுவா ஒரு விஷயம் இருக்கு. உனக்கும் பங்கு உண்டு. நீ நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

தம்பி முகம் மலர்ந்தது. "அப்படி வா வழிக்கு. பின்பக்கத்துக் காலி இடம்தானே?"

"அது இல்லடா."

"பின்ன எது?"

"சொல்லக் கூடாது."

"அடப்பாவிகளா!" தம்பி எழுந்தே நின்றுவிட்டான். "அப்பா எனக்குத் தெரியாம இன்னொரு இடம் வாங்கிப் போட்டிருக்காரா?"

விசாரணை நாள் வந்தது. நீளமான மேஜைக்கு ஒரு பக்கம் வாத்தியார், மகள், அக்கா, தம்பி. மறுபக்கம் அதிகாரி. ஓரத்தில் சர்ஜன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. வாத்தியாரின் மனைவி, தம்பி மனைவி, அக்காவின் கணவர் மூவரும் ரத்த உறவு இல்லாத காரணத்தால் வெளியே பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டார்கள்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்கள் குடும்பத்தில் ஒன்று இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அது என்ன என்பதைத் தெரிவிப்பதற்கில்லை. இந்நிலையில், அதை அறிந்துகொள்ள விரும்புகிறீர்களா என்பதை எவ்வித நிர்ப்பந்தமும் இன்றித் தெளிவாகச் சிந்தித்துச் சொல்லவும்."

"எவ்வளவு பெரிசு சார் அது?" என்றான் தம்பி.

"கண்ணுக்குத் தெரியாத அளவு."

"பரவாயில்ல. அதைக்கூட விட மாட்டேன்."

"அது வந்தா வலிக்குமா சார்?" என்றாள் அக்கா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"வலிக்குமா வலிக்காதா என்பதும் தகவலுக்குள் அடக்கம்."

"எனக்கு இப்பவே வலிக்குதே!"

"சார், எனக்குத் தெரியணும்," என்றாள் மகள். "எங்கப்பாவுக்கும் தெரியணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அக்காவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நல்லதோ கெட்டதோ தெரிஞ்சுட்டுப் போகட்டும்," என்று சம்மதித்தாள். எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். தம்பி அண்ணனைப் பார்த்தான்.

"ஒண்ணு கேட்கறேன் சார். அந்த ஒண்ணு எனக்கும் இவனுக்கும் பொதுவானதா?"

"இருந்தால், பொதுவானதுதான்."

"இவனோட பொதுவுல எனக்கு எதுவும் வேண்டாம். என் பங்கைப் பிரிச்சுத் தனியா கொடுத்துடுங்க."

"பிரிக்க இயலாது. இது பாகப் பிரிவினைக்கு உட்படாத சொத்து."

"அப்போ எனக்கு வேண்டாம். எனக்குக் கிடைக்காதது அவனுக்கும் கிடைக்கக் கூடாது."

"ஆட்சேபணை ஏற்கப்படுகிறது," என்றார் அதிகாரி, திருப்தியோடு.

வாத்தியாருக்கு அந்த நேரம் பார்த்துச் சுருக்கென்று குத்தியது. மேஜைக்கு அடியில் கால் ஓங்கித் தரையை மிதித்தது. "டேய், நான் செத்துடுவேன்டா!" என்று கத்தினார். தம்பி திடுக்கிட்டுத் திரும்பினான். ஆனால் என்ன ஏது என்று யாரும் விளக்க முடியாது. விளக்கினால் அவன் அறிந்துவிடுவான். ஆகவே அவன் அதை நடிப்பு என்று முடிவு செய்துகொண்டான்.

இருந்தாலும் அறநெறிப் பிரிவு கல்நெஞ்சம் கொண்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதிகாரி கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டு எழுந்து நின்று தீர்ப்பு வழங்கினார்.

"நோயாளியின் அறியும் உரிமையும், உறவினரின் அறியாமல் இருக்கும் உரிமையும் ஒருங்கே காக்கப்படும் பொருட்டு, இதனால் ஆணையிடப்படுவதாவது: நோயாளிக்கு முழு மயக்கம் அளித்த பின், உறவினர் எவரும் இல்லாத மூடிய அறையில், அவருடைய காதருகே சோதனை முடிவு தெளிவான குரலில் தெரிவிக்கப்படும்."

சர்ஜன்தான் மெல்லக் கேட்டார்: "சார், எந்த மயக்க மருந்து கொடுக்கறதுன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த டெஸ்டே."

"அது மருத்துவம். அதில் என் பிரிவு ஒருபோதும் தலையிடாது."

"தப்பான மருந்தைக் கொடுத்துட்டா?"

"நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். நாணயத்துக்கு உறவினர் கிடையாது."

கதவு படாரென்று திறந்தது. அதுவரை கதவில் காதை வைத்துக்கொண்டிருந்த வாத்தியாரின் மனைவி உள்ளே வந்தாள். "என்ன சார் விளையாட்டு இது? என் புருஷன் போயிட்டா, அதுக்கப்புறம் யாருக்கு என்ன உரிமை இருந்து என்ன பிரயோஜனம்?"

"நீங்கள் யார்?"

"பொண்டாட்டி."

"இவருடன் ஏதாவது முறையில் ரத்த சம்பந்தம்? அத்தை மகள், மாமன் மகள்?"

"ஒரு சம்பந்தமும் கிடையாது. அசல்ல கட்டிக்கிட்டவ."

அதிகாரி முகம் சட்டென்று மலர்ந்தது. "அப்படியானால் இந்த மரபணுவில் உங்களுக்குப் பாத்தியதையே இல்லை!"

"இல்லைன்னா?"

"பாத்தியதை இல்லாதவரிடம் சொல்வதால் எவருடைய உரிமைக்கும் பங்கம் இல்லை. அம்மா, இதை நீங்கள் முதல் நாளே வந்து கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேனே!"

மளமளவென்று காரியம் நடந்தது. ரத்த உறவினர் நால்வரும் வராந்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மனைவி, தம்பி மனைவி, அக்காவின் கணவர் மூவரும் உள்ளே அழைக்கப்பட்டார்கள். டீ கொண்டுவந்த கான்டீன்காரரும் போகாமல் நின்றார். அவருக்கும் பாத்தியதை இல்லை என்பதால் தடுக்க வழியில்லை. எக்ஸ்ரே அறையைத் தேடி வழிதவறி வந்த ஒரு குடும்பமும், எதற்கும் இருக்கட்டும் என்று ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

வாத்தியார் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். அதிகாரியின் உதடு அசைந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவின் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எக்ஸ்ரே குடும்பத்துப் பாட்டி வாத்தியாரைத் திரும்பிப் பார்த்து, "ச்சொ ச்சொ," என்றாள். சத்தம் கேட்காவிட்டாலும் அது ச்சொ ச்சொதான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

"ரத்த உறவினர் எவரிடமும் இதைச் சொல்வதில்லை" என்று எல்லோரிடமும் உறுதிமொழி வாங்கப்பட்டது. மற்றவர்களிடம் சொல்வது அவரவர் விருப்பம்.

"சொல்லித் தொலையேன்டி," என்று வீட்டில் கெஞ்சினார் வாத்தியார்.

"சத்தியம் பண்ணிட்டேன்."

"இத்தனை வருஷத்துல ஒரு ரகசியத்தையாவது நீ காப்பாத்தியிருக்கியா?"

"இல்ல. அதான் இதையாவது காப்பாத்தறேன்," என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காய்கறிக்காரர் அவருக்கு மட்டும் நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த மாணவிகள், "சார், நீங்க சும்மா சாய்ஞ்சு உட்காருங்க, நானே பிரேக் போட்டுக்கறேன்," என்றார்கள். அவர் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் வெளி ஆளாக நின்றவர், அந்த உடம்புக்குச் சொந்தக்காரர்தான். தெருவில் சும்மா போய்க்கொண்டிருந்த அவரை வழியில் மடக்கி அதிகாரி ஒருநாள் சோதித்தார்: "ஏதாவது ஊகித்தீர்களா?"

"இல்ல சார். சத்தியமா இல்ல."

"நல்லது. அப்படியே இருங்கள்."

மனைவி சர்ஜனைத் தனியாகப் பார்த்து ரிசல்ட் என்ன என்று சொல்லிவிட்டாள். சர்ஜனுக்கும் அது முன்பே தெரியும். ஆனால் தெரிந்ததை வைத்து ஒன்றும் செய்யக் கூடாது என்றிருந்தவருக்கு, பாத்தியதை இல்லாத ஒருவர் வந்து அதையே சொன்னது பெரிய உதவியாக இருந்தது. நோயாளி பார்த்து ஊகிக்காமல் இருக்க மருந்து பாட்டில் மீது ஒரு பச்சைத் துணியைச் சுற்றினார்கள். வாத்தியார் அந்தத் துணியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு, செத்துப்போன மாமாவை நினைத்துக்கொண்டு தூங்கிப்போனார். விழித்தபோது உடம்பு கொதிக்கவில்லை. கல் ஒரு கிண்ணத்தில் இருந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னக் குழந்தை மாதிரி அழுதார்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளன்று அதிகாரியே நேரில் வந்தார். "உங்களுக்கு அந்த மரபணுக் கோளாறு இருக்கிறது."

"இப்போ மட்டும் எப்படி சார் சொல்றீங்க?"

"ஆபரேஷன் முடிந்துவிட்டது. இனி அந்தத் தகவலால் உங்களுக்கு உடனடிப் பயன் எதுவும் இல்லை. பயனற்ற தகவலைத் தருவதில் பிரிவுக்கு ஆட்சேபணை இல்லை."

வாத்தியாருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் பிடித்துக்கொண்டதால் அதிகாரி தப்பினார். அதன்பிறகு காரில் ஏறின ஒவ்வொரு மாணவரும் கிளட்ச், கியர், அறநெறிப் பிரிவின் அயோக்கியத்தனம் ஆகிய பாடங்களைக் கற்றுக்கொண்டே இறங்கினார். "என் உடம்பைப் பத்தி என்கிட்ட மறைக்க அவன் யாருங்கறேன்? அந்த ஆபீஸை இழுத்துப் பூட்டற வரைக்கும் நான் ஓய மாட்டேன்," என்பார். கேட்டவர்களுக்கு ரத்தம் கொதித்தது.

ஆனால் பாருங்கள், ஊர் என்பது ஒரு தினுசான இடம். அறியாமல் இருக்கும் உரிமை என்ற சொற்றொடர் மெல்ல மெல்ல ஒரு நாகரிகமாகிவிட்டது. பெரிய மனிதர்கள் "எனக்குச் சொல்லாதீர்கள்" என்று எழுதிய நீல வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு விருந்துகளுக்கு வந்தார்கள். அதைக் குத்திக்கொண்டவர் ஜீன் டெஸ்ட் செய்துகொள்ளும் அளவுக்கு வசதியும், அதைப் பார்க்காமல் இருக்கும் அளவுக்குப் பண்பாடும் உள்ளவர் என்று அர்த்தம். பரீட்சை மார்க்கைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையைப் பள்ளிப் பிள்ளைகள் கேட்டார்கள். அதிகாரிக்கு இரண்டு உதவியாளர்கள் தரப்பட்டார்கள்.

சர்ஜன் வாத்தியாரை விடவில்லை. "உங்க பொண்ணுக்கும் இது பாதிக்குப் பாதி வர வாய்ப்பு இருக்கு. டெஸ்ட் பண்ணிடுங்க. தெரிஞ்சிருந்தா ஒரு ஆபத்தும் இல்ல." மகளுக்கு ஞானப்பல் தாடைக்குள் குறுக்கே படுத்துக்கொண்டு உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. மயக்கம் கொடுத்துத்தான் வெட்டி எடுக்க வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அன்றைக்கே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள்.

ரிசல்ட் வந்துவிட்டது என்று போன் வந்த சாயங்காலம்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல இடம். வெளியூர்க்காரர்கள். இந்த ஊர்ச் சங்கதி எதுவும் அவர்கள் காதுக்குப் போகவில்லை. பையனின் அம்மா போகும்போது, "குடும்பத்துல வியாதி வெக்கை ஒண்ணும் கிடையாதே?" என்று வாசலில் நின்று கேட்டாள். வாத்தியார் சிரித்தார். அவர் மனைவியும் சிரித்தாள்.

மகள் கன்னத்தில் துணியை வைத்துக்கொண்டு உள்ளே போனதும், மனைவி மெல்லப் பேச்சை எடுத்தாள். "இருக்குன்னு வந்தா என்ன பண்றது?"

"இருந்தா அவங்ககிட்டச் சொல்லணும்."

"சொன்னா?"

வாத்தியார் விருந்தாளிகள் குடித்துவிட்டுப் போன டம்ளர்களை அடுக்கினார்.

"தெரிஞ்சாத்தானே சொல்லணும்?" என்றாள் மனைவி. "கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் பல்லுக்கு மாத்திரை போட்டுக்கட்டும். அப்புறம் ஆற அமரப் பார்த்துக்கலாம்."

வாத்தியார் வெகுநேரம் தன் வெறும் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணின் வலி தன் வலி மாதிரியே இருந்தது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நல்ல இடம் தட்டிப்போய்விடுமோ என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு அறநெறிப் பிரிவுக்குப் போனார். "நீ இங்க உட்காரும்மா. நான் போய் அவனை நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

வராந்தாவில் ஒரே கூட்டம். வரிசையில் அக்கா நின்றாள், அவளுக்கு முன்னால் தம்பி நின்றான். தம்பி அண்ணனைப் பார்த்தான். இந்த முறை செருப்பைச் சரிசெய்யவில்லை. "பையனுக்கு டெஸ்ட் பண்ணச் சொல்லி என் பொண்டாட்டியே அனுப்பிட்டா. இப்போ அவனுக்குப் பொண்ணு பேசிட்டிருக்கோம், ரிசல்ட் வெளிய வரக் கூடாது. இந்த மனுவுல சாட்சியா நீ ஒரு கையெழுத்துப் போடேன்," என்று காதோரமாகச் சொன்னான். "எனக்கும் போடுடா," என்றாள் அக்கா. ஒரு செங்கல்லுக்குக்கூட ஒத்துப்போகாத குடும்பம், ஒருவர் பிள்ளைக்கு இன்னொருவர் சாட்சியாக, ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டது.

வாத்தியார் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"சார், என் பொண்ணோட ரிசல்ட்..."

"சொல்லச் சொல்கிறீர்களா?"

"இல்ல சார்." வாத்தியார் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அது என்கிட்டேர்ந்து வந்ததுதானே. எனக்கும் பாத்தியதை உண்டுன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் ஆட்சேபிக்கறேன்."

அதிகாரி எழுந்து, தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்கள். உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் இந்தப் பிரிவே நடக்கிறது."

வெளியே வந்தபோது மகள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது.

"என்னப்பா சொன்னாங்க?"

வாத்தியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சொல்லக் கூடாதாம்மா. ரூல்ஸாம்."

"அவங்க யாருப்பா சொல்லக் கூடாதுங்கறதுக்கு? என் ரத்தம், என் பல்லு!"

"அதைத்தான் நானும் கேட்டேன். எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்துட்டேன். மனுஷனா அவன்? ஈவு இரக்கம் இல்லாத பய!" என்று வராந்தா முழுவதும் கேட்கிற மாதிரி கத்தினார்.

வரிசையில் நின்ற அப்பாக்களும் அம்மாக்களும் அந்தப் பெண்ணை இரக்கத்தோடு பார்த்தார்கள். "ஆமாங்க, அநியாயம். இந்த ஆபீஸை முதல்ல இழுத்துப் பூட்டணும்," என்று சொல்லிக்கொண்டே, கையில் இருந்த ஆட்சேபணை மனுவைக் கசங்காமல் பிடித்தபடி, எல்லோரும் ஓர் அடி முன்னால் நகர்ந்தார்கள்.